நேர்ந்துவிட்ட கிடா விண்வெளிக்குப் போன கதை

எங்கள் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு நான் எழுதிய நாடகங்களிலேயே அதிகம் சிரிப்பு வாங்கியது, கிடா விண்வெளிக்குப் போகும் நாடகம்தான். அந்தச் சிரிப்பு அடங்கி ஐந்தே நாளில், அதே கிடாவுக்கு முன்னால் கருப்பசாமி கோயிலில் நின்றேன். அன்று அந்தக் கிடா உடம்பைச் சிலுப்பாவிட்டால் தன் மகள் தனக்கு நிலைக்க மாட்டாள் என்று என் மதினி நம்பினாள். கிடா சிலுப்பவில்லை. ஏன் சிலுப்பவில்லை என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

நாடகத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் உத்தரகோசமங்கைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். வருஷத்துக்கு ஒரு நகைச்சுவை நாடகம் என் தலையில் விழும். விழும் என்று சும்மா பிகு பண்ணுகிறேன்; வேறு எவளாவது அதைப் பறித்திருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். எனக்கு வாய் நீளம். நாலு பேரைச் சிரிக்க வைத்தால்தான் அன்றைக்குச் சோறு இறங்கும். கல்யாணம் ஆகவில்லை, அண்ணன் வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருக்கிறேன், சாயங்காலமானால் பேச ஆள் வேண்டுமே. நாடகம் எழுதுவது அந்தப் பேச்சின் மிச்சம்தான்.

ஆடு மாட்டை விண்வெளிக்கு அனுப்பினால் ஏன் சிரிப்பு வருகிறது என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். முன்பு புதுமடத்தில் வேலை பார்த்தபோது கடற்கரைப் பிள்ளைகளுக்காக மீன்கள் விண்வெளிக்குப் போவதாக ஒன்று எழுதினேன். ஒரு பிள்ளை சிரிக்கவில்லை. மீன் இங்கேயே மிதக்கிறது, அங்கே போய் மிதந்தால் அதில் என்ன இருக்கிறது? மாடு அப்படி இல்லை. நாலு காலையும் மண்ணில் ஊன்றி நிற்கிற ஜீவன். அதைத் தூக்கி அந்தரத்தில் விட்டாலும் அசைபோடுவதை நிறுத்தாது, வைக்கோல் எங்கே என்றுதான் தேடும். மனுஷன் வாயைப் பிளந்து நிற்கிற இடத்தில் மாடு வாயை மென்றுகொண்டு நிற்கும். சிரிப்பு அந்த இடத்தில்தான் இருக்கிறது என்று கண்டுபிடித்து, அதிலேயே மிதப்பாகத் திரிந்தேன்.

ஆக, எங்கள் ஊரிலிருந்து ஒரு மாடு, ஒரு கோழி, ஒரு கழுதை, ஒரு கிடா நாலும் ராக்கெட்டில் போகின்றன. போன இடத்தில் மாடு, இந்த வருஷமாவது இங்கன கண்மாய் பெருகுமா என்று விசாரிக்கும். கோழி போடுகிற முட்டை கீழே விழாமல் மேலே போகும். அடைகாக்க முடியாமல் கோழி அதைத் துரத்திக்கொண்டே திரியும். கழுதை பூமியை எட்டிப் பார்த்து, இத்தினிக்காணு இடத்திலயா என்னைய இம்புட்டுப் பொதி சுமக்கவிட்டாங்க என்று அழும். கிடா மட்டும் ஒன்றும் பேசாது. அது வெட்டுக்குத் தப்பி ஓடிவந்த கிடா. பூசாரி விடுவாரா, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் செம்போடு அடுத்த ராக்கெட்டில் வந்து இறங்குவார்.

சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாவை எங்கள் பக்கம் கேட்காமல் வெட்டுவதில்லை. மாலை போட்டு, முதுகில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்தாயிற்று. சிலுப்பாவிட்டால் சாமிக்கு ஏதோ மனக்குறை என்று அர்த்தம். என் நாடகத்தில் பூசாரி விண்வெளியில் தண்ணீர் ஊற்றுகிறார். அங்கே எடை கிடையாது. எடையில்லாத தண்ணீர் மேலே பட்டால் கிடாவுக்கு எப்படித் தெரியும்? தெரியாவிட்டால் எப்படிச் சிலுப்பும்? சிலுப்பாவிட்டால் எப்படி வெட்டுவது? இது அறிவியல் டீச்சர் எழுதுகிற அறிவியலா என்று தலைமையாசிரியர் கேட்டார். நகைச்சுவைக்கும் எடை கிடையாது சார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கடைசியில் ஊற்றி ஊற்றி அலுத்துப்போய் பூசாரியே தன் தலையைச் சிலுப்புவார். உத்தரவு கிடைத்துவிட்டது என்று மாடும் கழுதையும் அவரைத் துரத்தும்.

மாடு, கோழி, கழுதை, பூசாரி எல்லாம் எட்டாம் வகுப்புப் பெண்கள். கிடா மட்டும் நிஜக் கிடாவாக இருக்க வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். வேஷம் கட்டிய பிள்ளைகள் கத்திக் கூப்பாடு போடும்போது, நடுவில் ஒரு நிஜக் கிடா வெறுமனே அசைபோட்டுக்கொண்டு நின்றால் போதும், கூட்டம் உருண்டுவிடும். ஆனால் ஆடு கூட்டத்தைக் கண்டால் மிரளும், மைக் சத்தத்துக்கு ஓடும். மிரளாத கிடா ஒன்றுதான் எனக்குத் தெரிந்து இருந்தது. என் அண்ணன் வீட்டுக் கிடா. அது நேர்ந்துவிட்ட கிடா என்பதால் யாரும் அதை அடித்ததில்லை, எந்தக் கொல்லையில் வாய் வைத்தாலும் யாரும் விரட்டியதில்லை. பயம் என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது.

அது யாருக்காக நேர்ந்துவிட்டது என்பதும் எனக்குத் தெரியாததல்ல. அண்ணன் மகளுக்கு மூன்று வயதில் இதயத்தில் ஓட்டை என்று மதுரையில் ஆபரேஷன் செய்தார்கள். மதினி ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து, பிள்ளையை உயிரோடு என் கையில் கொடு, உனக்குக் கிடா வெட்டுகிறேன் என்று கருப்பசாமியிடம் அழுதபோது அவளைத் தோளோடு பிடித்துக்கொண்டு இருந்தவளே நான்தான். பிள்ளை பிழைத்தது. ஊருக்கு வந்ததும் மதினி ஒரு கறுப்புக் குட்டியை வாங்கி, மூன்று வருஷம் குறை இல்லாமல் வளர்த்தாள். நாடகம் போட்ட அந்த வருஷம், கோயிலின் மாசிக் களரித் திருவிழாவுக்கு நேர்த்திக்கடனைச் செலுத்துவது என்று முடிவாகியிருந்தது. எங்கள் ஆண்டு விழா அதற்கு ஐந்து நாள் முன்னால் வந்தது.

கிடாவை நாடகத்துக்குக் கேட்டபோது மதினி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. உனக்கில்லாததா தாயி, கூட்டிட்டுப் போ என்றாள். தண்ணீர் ஊற்றுகிற காட்சி இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. மறந்துபோய் விட்டேன் என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை. சொன்னால் தர மாட்டாள் என்று தெரிந்துதான் சொல்லவில்லை.

முதல் நாள் பள்ளிக்கூடத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்து ஒரு செம்பு ஊற்றினோம். கிடா சிலுப்பிய சிலுப்பில் என் சேலை, மாட்டின் கொம்பு, கோழியின் சிறகு எல்லாம் நனைந்துவிட்டது. பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். எனக்கு எரிச்சல். நாடகமே அது சிலுப்பாமல் நிற்பதில்தானே இருக்கிறது? மறுநாளிலிருந்து ஒரு வழி பண்ணினேன். நெற்றியில் என் கையை வைத்து அழுத்திக்கொள்வேன், தண்ணீர் ஊற்றச் சொல்வேன், அசையாமல் நின்றால் உடனே ஒரு கை பொட்டுக்கடலை. சிலுப்பினால் கிடையாது. தினமும் சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு தடவை. ஏழெட்டு நாளில் சிலுப்புவது குறைந்தது. பன்னிரண்டாம் நாள் நெற்றியில் கைகூட வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் முதுகில் விழுந்ததும் கழுத்தைத் தூக்கி, கல்லாக நின்று, பொட்டுக்கடலைக்காக என் முகத்தைப் பார்த்தது. நான் அதைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தேன். அந்த நேரத்துப் பெருமையை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைய வேண்டும் போல இருக்கிறது.

ஆண்டு விழா அன்று கூட்டம் தாங்கவில்லை. கிடாவுக்கு வெள்ளித்தாள் சுற்றி, கொம்புக்கு நடுவில் ஒரு ஏரியல் கம்பி கட்டிவிட்டிருந்தோம். பூசாரி வேஷம் போட்ட பெண் ஒரு செம்பு ஊற்றினாள். கிடா அசைபோட்டது. இரண்டாவது செம்பு. கிடா கூட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி அசைபோட்டது. மூன்றாவது செம்புக்கு ஜனம் பெஞ்சைத் தட்டிச் சிரித்தது. முன் வரிசையில் மகளை மடியில் வைத்துக்கொண்டு மதினி சேலை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. மூன்று வருஷமாக அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்குத் தலை கால் புரியவில்லை.

களரி முடிந்து மறுநாள் காலை கிடாவெட்டு. பங்காளிகள் வெளியூரிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். மதினி தலைக்குத் தண்ணீர் ஊற்றி, மஞ்சள் சேலை கட்டி, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு சாமிக்கு நேரே நின்றாள். கிடாவுக்கு மாலை போட்டார்கள். பூசாரி செம்பைத் தூக்கிய அந்த நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. அதுவரை உறைக்கவில்லை என்றால் யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் அதுதான் நிஜம். பள்ளிக்கூடத்தில் நடந்ததைப் பள்ளிக்கூடத்தோடு விட்டுவிட்டதாக நினைத்திருந்தேன்.

முதல் செம்பு ஊற்றினார். கிடா கழுத்தைத் தூக்கிக் கல்லாக நின்றது. தண்ணீர் வயிற்றோரமாக வழிந்து சொட்டியது. குலவை போட வாயெடுத்த பெண்கள் அப்படியே நின்றார்கள். தீட்டோடு யாரும் வந்திருக்கிறீர்களா என்று பூசாரி கேட்டார். யாரும் இல்லை. இரண்டாவது செம்பு. கிடா மாலையிலிருந்து ஒரு பூவை இழுத்து மென்றது. ஐந்து நாள் முன்பு இதே முகத்தைப் பார்த்துத்தான் ஊரே சிரித்தது. இப்போது அதே முகத்தைப் பார்த்து எல்லாருக்கும் வெலவெலத்துப் போயிற்று. காப்புக் கட்டிய பிறகு வீட்டில் யாராவது கவுச்சி தின்றீர்களா என்று ஒரு பெரியவர் மதினியைக் கேட்டார். இல்லை என்று தலையாட்டினாள். மூன்றாவது செம்பு ஊற்றினார். எல்லாக் கண்ணும் மதினி மேல் இருந்தது. அவள் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்து இறுக்கிக்கொண்டாள். யாரோ பறிக்க வருகிற மாதிரி.

நான் பேசியிருக்க வேண்டும். வாய் நீளம் என்று பீற்றிக்கொள்கிறவள், அந்த நேரத்தில் எனக்கு வாயே இல்லை. சாமி கிடாவை வைத்துக் கூத்துக் காட்டினேன் என்று அத்தனை பங்காளிகள் முன்னால் எப்படிச் சொல்வது? நாலாவது செம்புக்குச் சிலுப்பிவிடும், ஐந்தாவது செம்புக்குச் சிலுப்பிவிடும் என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் மதினி பிள்ளையை இறக்கிவிட்டுத் தரையில் விழுந்தாள். நெற்றி மண்ணில் பட, சாமியைப் பார்த்துப் பேசினாள்.

"நான் சிரிச்சுட்டேன் சாமி. நாடகத்துல உன் கெடாவப் பாத்து எல்லாரோடயும் சேந்து நானும் சிரிச்சேன். வயிறு வலிக்கச் சிரிச்சேன். கோவம் எம்மேலதான? என்னைய எடுத்துக்க. பிள்ள மேல வைக்காத."

அவள் அப்படிச் சொன்ன பிறகு நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் நான் மனுஷியே இல்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"மதினி, நீங்க சிரிச்சதுக்கு இல்ல. நாந்தான் அதப் பழக்கிவிட்டேன். தண்ணி ஊத்துனா சிலுப்பக் கூடாதுன்னு பழக்கிவிட்டேன்."

அண்ணன் கையை ஓங்கிக்கொண்டு வந்தான். யாரோ பிடித்துக்கொண்டார்கள். சாமியை வைத்து விளையாடுகிறாளா, படித்த திமிரா என்று நாலா பக்கமும் சத்தம் எழுந்தது. அத்தனையும் எனக்குக் கேட்டது, ஒன்றும் உள்ளே போகவில்லை. நான் மதினி முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மெதுவாக எழுந்து உட்கார்ந்தாள். நெற்றியில் மண் ஒட்டியிருந்தது.

"எத்தன நாளு ஊத்துன?"

"பதினாறு நாளு மதினி. தெனம் பத்துப் பன்னெண்டு தடவ."

"மொதல்ல ஊத்துனப்ப சிலுப்புச்சா?"

"சிலுப்புச்சு. என் சேலையெல்லாம் நனஞ்சுபோச்சு."

அவள் பூசாரியைத் திரும்பிப் பார்த்து, "அப்ப சாமி இன்னும் ஒண்ணும் சொல்லல," என்றாள். கேள்வியா பதிலா என்று தெரியாத குரல். பூசாரி தாடையைத் தடவினார். சாமி சொல்ல வேண்டியதைச் சொல்லவிடாமல் இவள் கிடாவைக் கட்டிப்போட்டிருக்கிறாள், அவ்வளவுதான், ஒரு மண்டலம் பொறுக்கலாம் என்றார். நாற்பத்தெட்டு நாள் அதன் முதுகில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழக் கூடாது. நாற்பத்தொன்பதாம் நாள் இதே இடத்தில் மறுபடி தண்ணீர் ஊற்ற வேண்டும். பழக்கியவள் கையால்தான் ஊற்ற வேண்டும் என்று மதினி சொன்னாள். பொம்பளை ஊற்றுவதா என்று ஒருவர் முனகினார். மதினி அவரை ஒரு பார்வை பார்த்தாள், அவர் அடங்கிவிட்டார்.

அந்த நாற்பத்தெட்டு நாளும் மதினி என்னோடு பேசவில்லை. பிள்ளை வழக்கம் போல என் வீட்டுக்கு ஓடிவந்தால் வாசலிலிருந்தே கூப்பிட்டுக்கொள்வாள். அவள் வீட்டில் விளக்கு எந்நேரமும் எரிந்தது. பிள்ளை லேசாக இருமினால்கூட ஓடிப்போய் நெஞ்சில் காதை வைத்துக் கேட்கிறாள் என்று அண்ணன் சொன்னான். அவனும் அதைச் சொல்லத்தான் வந்தான், வேறு பேச்சு எதுவும் பேசவில்லை. ஒருமுறை பிள்ளைக்குச் சளிக் காய்ச்சல் வந்தது. ராமநாதபுரத்தில் டாக்டர் சாதாரணக் காய்ச்சல் என்று மருந்து கொடுத்தும் அவள் நம்பவில்லை, மதுரைக்குப் போய் எல்லாச் சோதனையும் எடுத்துக்கொண்டு வந்தாள். எல்லாம் சரியாக இருந்தது. அதையும் அவள் நம்பவில்லை. ஆள் பாதியாகிவிட்டாள்.

எனக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? பழக்கியதைப் பழக்காமல் விட்டால் மறந்துபோகும் என்று எட்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிறவள் நான். எத்தனை நாளில் மறக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஈரத் தோலில் வருகிற சிலிர்ப்பு அது, அதில் சாமி எங்கே வந்தது என்று கேட்கிற புத்தியும் எனக்கு உண்டு. ஆனால் மதினி கண்ணைப் பார்த்த பிறகு அந்தப் புத்தியால் ஒரு பிரயோசனமும் இல்லை. சாமி இருக்கிறதோ இல்லையோ, அவளுடைய பயம் இருந்தது, அதை நான் என் கையால் ஊட்டி வளர்த்திருந்தேன். வகுப்பில் பிள்ளைகள், டீச்சர், கிடா நிஜமாவே தப்பிச்சிருச்சா என்று ஆசையாகக் கேட்டார்கள். எரிந்து விழுந்தேன். பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்.

பங்குனி நடுவில் ஒரு மத்தியானம் காற்று திசை மாறி, யாரும் எதிர்பார்க்காத மழை பிடித்துக்கொண்டது. எனக்குக் கிடாவின் ஞாபகம்தான் வந்தது. வகுப்பைப் பக்கத்து டீச்சரிடம் சொல்லிவிட்டு, குடைகூட எடுக்காமல் ஓடினேன். அண்ணன் வீட்டுப் பின்பக்கம் கொட்டகை ஓலை காற்றில் பிய்ந்து கிடந்தது. மதினி இரண்டு சாக்கைக் கிடாவின் முதுகில் போட்டு, அதன் மேல் ஒரு தார்ப்பாயைப் போட்டு, நாலு முனையையும் இரண்டு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு தொப்பலாக நனைந்து நின்றாள். நான் போய் மறுபக்கத்து முனைகளைப் பிடித்துக்கொண்டேன். மழை விடும்வரை இரண்டு பேரும் எதிரெதிரே நின்றோம். அவள் பல் நடுக்கத்தில் அடித்துக்கொண்டது. எனக்கு அவள் காலில் விழ வேண்டும் போல இருந்தது, முனையை விட முடியாததால் விழவில்லை. மழை விட்டதும் அவள் தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நாற்பத்தொன்பதாம் நாள் காலை கோயிலில் கூட்டம் இல்லை. அண்ணன், மதினி, பிள்ளை, பூசாரி, ஏழெட்டுப் பங்காளிகள், நான். வெயில் அப்போதே ஏறியிருந்தது. பூசாரி மஞ்சள் கரைத்த செம்பை என் கையில் கொடுத்தார். கிடா என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்டு, கனைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து என் உள்ளங்கையை மோந்தது. அதில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் கழுத்தைத் தூக்கி நின்றுகொண்டது. எனக்கு அங்கேயே உயிர் போய்விட்டது.

முதல் செம்பை ஊற்றினேன். அசையவில்லை. என் முகத்தையே பார்த்தது. பின்னால் மதினி மூச்சை இழுத்த சத்தம் கேட்டது, விட்ட சத்தம் கேட்கவில்லை. நான் கிடாவுக்கு முன்னால் நிற்கிறவரை அது சிலுப்பாது என்று எனக்குப் புரிந்துவிட்டது. அது என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது, நான் தருவேன் என்று நம்பிக்கொண்டு நிற்கிறது. இரண்டாவது செம்பை வாங்கி, அதன் பின்பக்கமாக வந்து, கழுத்திலிருந்து வால்வரைக்கும் ஊற்றிவிட்டு, அது திரும்புவதற்குள் விலகிப் போய் வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அது தலையைத் திருப்பி என்னைத் தேடியது. இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது.

சிலுப்பிரு என்று கெஞ்சினேன். வாய்விட்டே சொன்னேனோ என்னவோ. மரத்தைப் பிடித்துக்கொண்டு, சிலுப்பிரு தங்கம், சிலுப்பிரு என்று அதை வேண்டிக்கொண்டேன். சிலுப்பினால் என்ன நடக்கும் என்று தெரிந்துதான் வேண்டிக்கொண்டேன். அதைத் தப்ப வைத்து, ராக்கெட்டில் ஏற்றி, ஊரையே கைதட்ட வைத்தவள்தான். அந்த நிமிஷம் அது சாக வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. தெற்கிலிருந்து கடல் காற்று ஒரு வீச்சு வந்தது. கிடா நின்ற இடத்தில் முன்காலை அகட்டி, காதிலிருந்து வால்வரை உடம்பை உதறிச் சிலுப்பியது. மஞ்சள் தண்ணீர் எல்லார் மேலேயும் தெறித்தது.

குலவை எழுந்தது. அதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை, மரத்துக்குப் பின்னாலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் யாரோ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். மதினி. அவள் தலையை என் தோளில் சாய்த்தாள். சாய்த்தவள் அப்படியே தூங்கிப்போய்விட்டாள். நாற்பத்தெட்டு நாள் தூக்கம். அவள் கனத்தை நான் அசையாமல் தாங்கிக்கொண்டு இருந்தேன். பிள்ளை வந்து, அம்மாவுக்கு என்ன அத்தை என்று கேட்டது. தூங்குறா, சத்தம் போடாத என்றேன்.

மத்தியானம் கோயில் கொட்டகையில் பந்தி போட்டார்கள். நான் சாப்பிட வேண்டாம் என்று மெதுவாக நழுவப் பார்த்தேன். மதினி கையைப் பிடித்து உட்கார வைத்தாள். கறியை அவளே என் இலையில் வைத்தாள். குழம்பு ஆவி பறந்தது. காலையில் என் கையை மோந்த மூக்கின் ஈரம் இன்னும் உள்ளங்கையில் இருப்பது போலவே இருந்தது. எழுந்து போய்விடலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் மதினி நகரவில்லை. குழம்பு வாளியைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு எதிரே நின்று, நான் சோற்றைப் பிசைகிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் அந்தப் பழைய பயம் ஒரு ஓரத்தில் எழுந்திருந்தது. சாமிக்கு ஆன சோற்றை ஒருத்தி தின்னாமல் எழுந்துவிட்டால் மறுபடி அவளுக்குத் தூக்கம் போய்விடும், மறுபடி பிள்ளையின் நெஞ்சில் காதை வைப்பாள். பிசைந்தேன். வாயில் வைத்து, மென்று விழுங்கினேன். அவள் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"இன்னுங் கொஞ்சம் வைங்க மதினி," என்றேன்.